தவறணைக்கு எதிரே ஓர் அறை

தமிழ் இலக்கியத்தில் குடிகாரனுக்கு இடமில்லை என்று எவரும் குறைகூற முடியாது. பழம் பாட்டிலிருந்து நேற்றைய சிறுகதை வரை அவன் வந்துகொண்டேயிருக்கிறான். ஆனால் வந்தவன் வாய் திறந்து பேசினானா என்று கேட்டால், விடை கூறச் சிறிது தயங்க வேண்டியிருக்கிறது. அவனைப் பற்றிப் பிறர் பேசியிருக்கிறார்கள், அவனைக் கண்டு சிரித்திருக்கிறார்கள், அவனுக்காக அழுதிருக்கிறார்கள், அவனைத் திருத்தவும் முயன்றிருக்கிறார்கள். குடியை விட விரும்பும் ஒருவன், தன்னைப் போன்ற இன்னொருவனைத் தேடிச் சென்று, அவனெதிரில் அமர்ந்து, தன் கதையைத் தானே சொல்லும் காட்சியை நம் எழுத்தில் காண்பது அரிது. இது வெறும் இலக்கியக் குறையன்று. நம் ஊர்களில் அத்தகைய சந்திப்புக்கு ஓர் இடம் இல்லாதிருப்பதன் நிழலே இலக்கியத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சங்க காலத்தில் கள் குற்றமாகக் கருதப்படவில்லை. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த விதம் அவனுடைய வள்ளன்மைக்குச் சான்றாக நிற்கிறது. அங்கே கள் கூடியுண்ணும் பொருள். தலைவனையும் பாணனையும் ஒரே நிலத்தில் அமர்த்தும் பொருள். திருக்குறளுக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. ‘கள்ளுண்ணாமை’ என்னும் 93ஆம் அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை; பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைத்தார். குடி என்பது தனிமனிதனின் பாவம் மட்டுமன்று, பொருளையும் அரசையும் அழிக்கும் சமூகக் கேடு என்று அவர் கண்டார் எனக் கொள்ளலாம். இப்பார்வை மிக உயர்ந்தது. எனினும் அப்பத்துக் குறள்களும் குடிப்பவனுக்கு வெளியே நின்று பேசுகின்றன. குடிப்பவன் அங்கே சான்றோர் முன்னும் தாய் முன்னும் நிறுத்தப்படுகிறான். தன்னைப் போன்ற இன்னொருவன் முன் அவன் நிறுத்தப்படுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மதுவிலக்கு ஓர் அரசியல் இயக்கமாக உருப்பெற்றபோது, இலக்கியமும் அதற்குத் துணைபோயிற்று. திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி தொடங்கிய ‘விமோசனம்’ இதழ் முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே நடத்தப்பட்டது. அதன் ஆசிரியப் பணியில் துணைநின்ற கல்கி, அவ்விதழுக்கென்றே கதைகள் எழுதினார். கொண்ட நோக்கத்துக்காகக் கதையைக் கருவியாக்கும் துணிவை அவ்விதழில் நாம் பாராட்ட வேண்டும். 1937 ஒக்டோபர் முதலாந் திகதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததற்கு இத்தகைய பிரசாரமும் ஒரு காரணம். ஆனால் கேள்வி ஒன்று எஞ்சுகிறது. அவ்விதழைப் படித்தவர்கள் யாவர்? எழுத்தறிந்த நடுத்தர வகுப்பினர். கதையில் வந்தவர்கள் யாவர்? எழுத்தறியாத குடியானவரும் தொழிலாளரும். ஒரு வகுப்பார் மற்றொரு வகுப்பாரைப் பற்றிப் படித்து இரங்கினர். விமோசனம் என்ற சொல்லே, மேலிருந்து ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுவதைத்தான் உணர்த்துகிறது.

இதற்கு நேர் எதிரான திசையில் சினிமா சென்றது. சரத் சந்திரரின் 1917ஆம் ஆண்டு நாவலைத் தழுவி 1953இல் தமிழில் வெளிவந்த ‘தேவதாஸ்’, குடித்தே சாகும் செல்வந்தர் மகனைக் காவிய நாயகன் ஆக்கிற்று. காதல் தோல்வியடைந்தவன் குடிப்பது இயல்பு, அழகு என்றுகூட ஒரு தலைமுறை நம்பியது. செல்வந்தன் குடித்தால் சோகம். ஏழை குடித்தால் நகைச்சுவை. நம் திரைப்படங்கள் நெடுங்காலம் கைக்கொண்ட வர்க்க இலக்கணம் இதுதான். சாதியின் இலக்கணமும் இதற்குச் சளைத்ததன்று. கள் இறக்குபவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய யாழ்ப்பாணச் சமூகம், அவன் இறக்கிய கள்ளை இருளில் வாங்கிக் குடித்த பெரிய மனிதரைக் கண்டும் காணாது விட்டது.

முற்போக்கு எழுத்தாளர் இவ்விரு பொய்களையும் மறுத்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்று எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய ஆராய்ச்சி. நெருக்கடியான குடியிருப்பு, ஓய்வற்ற உழைப்பு, வேறு இன்பம் எதுவும் கிட்டாமை ஆகியவையே தொழிலாளியைச் சாராயக் கடைக்குத் தள்ளுகின்றன என்று அதில் அவர் நிறுவினார். அதே உண்மையை நாவலாக்கினார் எமிலி ஸோலா. 1877இல் நூலுருவம் பெற்ற ‘லாசொம்வார்’ என்னும் அவரது நாவலில் வரும் கூப்போ, கூரை வேய்பவன். தந்தை குடித்துக் கூரையிலிருந்து விழுந்து மாண்டதால், மதுவைத் தொடாது வாழ்ந்தவன். தானும் கூரையிலிருந்து விழுந்து, வேலையின்றிப் படுத்த காலத்தில்தான் அவன் குடிக்கத் தொடங்குகிறான். ஒழுக்கக் கேடு அவனைக் குடிகாரன் ஆக்கவில்லை. தொழில் விபத்து ஆக்கிற்று. நம் நாட்டில் எந்தக் கடற்றொழிலாளியின் வரலாற்றையும் இந்த நாவலின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

ஆயினும் ஸோலாவின் கூப்போ மீள்வதில்லை. மனநோய் மருத்துவமனையில் நடுங்கித் துடித்துச் சாகிறான். தமிழில் ஜி. நாகராஜன் 1974இல் தந்த ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலின் கந்தனுக்கும் மீட்சி இல்லை, நாள்தான் மாறுகிறது. யதார்த்தவாதம் நோயின் காரணத்தைக் காட்டியது. நோயாளியோ அக்காரணத்துக்குள்ளேயே புதைந்து போனான். சமூகம் மாறும்வரை இவன் என்ன செய்வது, இன்று மாலை ஆறு மணிக்கு எங்கே போவது என்ற சிறிய கேள்விக்கு யதார்த்தவாதம் விடை தேடவில்லை.

அச்சிறிய கேள்விக்கு விடை கூறிய பெரிய எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவர் மாக்சிம் கார்க்கி. ரகுநாதன் தமிழில் தந்த ‘தாய்’ நாவலை நாம் அரசியல் நூலாகவே படித்துப் பழகியிருக்கிறோம். அதன் தொடக்கப் பகுதியை இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். குடிகாரத் தந்தை இறந்த பின், மகன் பாவெலும் குடித்துவிட்டு வீடு வருகிறான். தாய் அவனை ஏசுவதில்லை. தலையை வருடுகிறாள், வேண்டுகிறாள். அடுத்த பக்கத்திலேயே அவன் திருந்திவிட்டதாக ஆசிரியர் காட்டவுமில்லை. பிற இளைஞர்களைப் போல அவனும் சில காலம் விருந்துக்கும் குடிக்கும் போய் வருகிறான். பிறகு மெல்ல மெல்ல வேறெங்கோ போகத் தொடங்குகிறான், புத்தகங்கள் வருகின்றன, நண்பர்கள் வருகிறார்கள், அந்தச் சிறு வீட்டின் அறையில் தேநீரோடு மாலைக் கூட்டம் கூடுகிறது. குடியை எதிர்த்து ஒரு வார்த்தைப் பிரசங்கமும் இல்லை. தவறணை தந்துவந்த தோழமையை இன்னோர் அறை தந்தது. தவறணை தன் பிடியை இழந்தது. குடியைப் பற்றிய கார்க்கியின் மிக ஆழமான கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து.

இதே கண்டுபிடிப்பை வேறொரு திசையிலிருந்து வந்தடைந்தவர்களும் உண்டு. 1840இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், மதுக்கடை ஒன்றிலேயே அமர்ந்திருந்த ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று தமக்குள் உறுதி செய்து ஒரு சங்கத்தை அமைத்தனர். வோஷிங்டனியர் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்கள் பிரசங்கிகளை ஒதுக்கி, குடித்தவனையே மேடையேற்றித் தன் கதையைச் சொல்ல வைத்தனர். இயக்கம் காட்டுத்தீபோலப் பரவியது. சில ஆண்டுகளிலேயே அணைந்தும் போயிற்று. தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின், 1935 மே மாதத்தில், அமெரிக்கப் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, வியாபார முயற்சியொன்றில் தோற்றுப்போன வில்லியம் வில்சன் என்பவர் அக்ரன் நகர விடுதியொன்றில் தனித்து நின்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு புறம் மதுச்சாலை. மறு புறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, ஊர்க் கோயில்களை அழைத்துக் கேட்டது உபதேசத்தையன்று. பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத்தான். அவ்வாறு கிடைத்தவர் றொபேட் சிமித் என்னும் வைத்தியர். அவர் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 யூன் 10ஆந் திகதியையே ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ என்னும் பெயர் கூறாக் குடிநோயாளர் இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. குடிப்பவரின் மனைவியருக்கும் உறவினருக்குமான ‘அல்-அனோன்’ 1951இல் தோன்றியது.

இவ்வியக்கத்தின் கூட்டத்தை ஓர் இலக்கிய வடிவமாகவே நோக்கலாம். அங்கு வருபவன் தன் குலப்பெயரை, பதவியை, ஊரை வாசலில் விட்டு வருகிறான். குடியை விட வேண்டும் என்ற விருப்பமே ஒரே தகுதி, கட்டணம் கிடையாது. எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்னும் மூன்று பகுதிகளில் தன் கதையைத் தன் வாயாற் சொல்கிறான். கேட்பவர் குறுக்கிடுவதில்லை, தீர்ப்பளிப்பதில்லை. நாவலாசிரியன் குடிகாரனின் உள்ளத்தைக் கற்பனை செய்து எழுதியது போக, குடிகாரனே ஆசிரியனும் பாத்திரமும் வாசகனும் ஆகும் வடிவம் அது. இதனாற் பயன் உண்டா என்ற ஐயத்துக்கும் இன்று விடை உண்டு. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, இவ்வியக்கத்தோடு நோயாளரை முறையாக இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து மதுவின்றி இருப்பதற்குப் பிற உளச் சிகிச்சைகளைக் காட்டிலும் கூடுதலாக உதவுகிறது என்று முடிவு கூறிற்று.

நம் நண்பர்கள் இங்கே இரண்டு ஆட்சேபங்களை எழுப்பக்கூடும், இரண்டும் நியாயமானவை. சுரண்டல் ஒழிந்தால் குடி தானே ஒழியாதா, கிளையை வெட்டுவானேன் என்பது முதலாவது. வரலாறு இதற்கு அவ்வளவு எளிதாகச் சான்று பகரவில்லை. புரட்சி நடந்து அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின், 1985இல், சோவியத் அரசாங்கமே குடிக்கு எதிராகப் பெரும் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. காரணம் சமூகத்தில் பிறந்தாலும், நோய் உடலில் குடியேறிவிட்டால் அதற்கெனத் தனிச் சிகிச்சை வேண்டும். காசநோய் வறுமையின் பிள்ளை என்பதற்காக, வறுமை ஒழியும்வரை எவரும் மருந்தை மறுப்பதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. குடியின் முன் தான் வலுவற்றவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வதும், மேலான சக்தி ஒன்றிடம் தன்னை ஒப்படைக்கச் சொல்வதும் தொழிலாளியை மீண்டும் மண்டியிட வைப்பதாகாதா? மது உற்பத்தி முதலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத இயக்கம் எப்படி மக்கள் இயக்கமாகும்? இவ்வியக்கம் வெளி விவகாரங்களில் கருத்துக் கூறுவதில்லை என்பது உண்மை. அது அதன் எல்லை. ஆதலால் மதுக்கடைகளை எதிர்ப்பதையும், விளம்பரத்தைத் தடைசெய்த 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மதுசார அதிகாரசபைச் சட்டத்தைச் செயற்பட வைப்பதையும் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் செய்ய வேண்டும். அதை இக்கூட்டங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் தனியொருவனாக என்னால் இயலாது என்று ஒருவன் ஒப்புக்கொள்வது அடிமைத்தனமா? தன் சொந்த முயற்சியால் மட்டுமே மனிதன் உயர்கிறான் என்ற முதலாளித்துவக் கட்டுக்கதையை அன்றாட வாழ்வில் இதைவிட வலுவாக மறுக்கும் வாக்கியம் ஏது? மேலான சக்தி என்பதை அவரவர் விளங்கியவாறு கொள்ளலாம் என்றே அவ்வியக்கமும் விட்டிருக்கிறது. கடவுளை நம்பாதவன் சுற்றியிருக்கும் தோழர்களையே அச்சக்தியாகக் கொள்ள எந்தத் தடையுமில்லை.

இனி, இக்கொள்கைகளைத் திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் வீதியில் இறக்கிப் பார்ப்போம். நிலாவெளியைத் தாண்டினால் வருவது குச்சவெளி. தமிழரும் முஸ்லிம்களும் கடலை நம்பி வாழும் கரை. போரும் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையும் அடுத்தடுத்து மிதித்த மண். கரைவலை இழுப்பவனுக்கு மாதச் சம்பளம் இல்லை. பங்கு உண்டு, முற்பணம் உண்டு, அதனாற் கடன் உண்டு. மீன் பட்ட நாளில் கையிற் காசு. வடகீழ்ப் பருவக் காற்றிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கையில் நேரம். குடி வளர இவ்விரண்டும் போதும்.

இக்கரையில் ஒருவன் குடியை விட்டுவிட விரும்புகிறான் என்று கொள்வோம். அவன் எங்கே போவான்? கொழும்பில் இக்கூட்டங்கள் நடக்கின்றன. 1974இல் தொடங்கப்பெற்ற சுமித்ரயோவின் ‘மெல் மெதுர’ நிலையமும் அங்கேயே உள்ளது. ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். திருகோணமலை நகருக்கே குச்சவெளியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். இரவுக் கூட்டம் முடிந்து ஊர் திரும்ப பஸ் உண்டா என்பதே அவனது முதற் கேள்வியாக இருக்கும். இரண்டாவது கேள்வி மொழி. தன் வாழ்வின் மிக இழிந்த இரவைப் பிறமொழியில் எவனாற் சொல்ல முடியும்? மூன்றாவது, பெயர் மறைத்தல். பெருநகரத்தில் பெயரை மறைப்பது எளிது. ஒருவன் நடையைக் கண்டே இன்னாரின் மகன் என்று கூறிவிடும் கிராமத்தில் பெயரின்மை என்பது யாது? மார்க்கம் மதுவை முற்றாக விலக்கிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு இத்தடை இரட்டிப்பு. குடிப்பதையும் மறைக்க வேண்டும், குடியை விட முயல்வதையும் மறைக்க வேண்டும். பெண்ணொருத்தி குடிநோய்க்கு ஆளாகியிருந்தாலோ, அவளைப் பற்றிய பேச்சுக்கே ஊரில் இடமில்லை.

நான்காவது தடை மிகவும் ஆபத்தானது. அதனைப் பலர் அறிவதில்லை. நெடுங்காலம் நாள்தோறும் அளவின்றிக் குடித்தவன் ஒரே நாளில் திடீரென நிறுத்தினால், கை கால் நடுக்கமும், வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் பொய்த்தோற்றங்களும் ஏற்படலாம். கவனியாது விட்டால் உயிரே போகலாம். ஸோலாவின் கூப்போவைத் துடிக்க வைத்தது இந்நோய்தான். மன உறுதி இருந்தாற் போதும் என்று வீரம் பேசி அவனை அறையிற் பூட்டி வைப்பவர்கள், அறியாமலே அவனைக் கொல்லக்கூடும். ஆகவே முதலிற் செல்ல வேண்டிய இடம் அரசாங்க வைத்தியசாலை. அங்கு சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. உடல் அடங்கிய பின் உள்ளம் தேடுவதே கூட்டம்.

கிராமத்தான் நகரத்துக்குப் போக இயலாவிட்டால், சிகிச்சை கிராமத்துக்கு வரலாம் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. சென்னையில் 1979இல் குடிநோயாற் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டே கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1989 முதல் தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடிக் கிராமத்தில் பதினைந்து நாட் சிகிச்சை முகாம்களை நடத்தலாயிற்று. ஊராரே இடமும் உதவியும் தர, குடும்பத்தினரும் சிகிச்சையிற் பங்குபெற்றனர். நம் நாட்டிலும் மெல் மெதுர வகுத்த கிராமக் கல்வித் திட்டம் ஒன்று தெருநாடகம், சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், தனி உரையாடல், குழு உரையாடல் ஆகியவற்றைக் கையாண்டது. அது நடைபெற்ற ஊரில் குடி குறைந்தது என்றும், ஊரார் மனத்தில் மிகுதியாகத் தங்கியது தெருநாடகமே என்றும் 2013இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கலைக்குப் பயன் உண்டா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம் தரும் பாடம் இன்னும் பெரிது. அங்கே முதியோர் எழுத்தறிவு இயக்கத்தின் பாடப்புத்தகத்தில், கணவனின் குடியால் வாழ்விழந்த சீதம்மா என்னும் பெண்ணின் கதை இடம்பெற்றது. அதைப் படித்த தூபகுண்டா ஊர்ப் பெண்கள் இது எங்கள் கதை என்று கூறி எழுந்தனர். சாராயக் கடையை மூடினர். 1992இல் அது மாநிலம் முழுவதும் பரவிய போராட்டமாயிற்று. 1993 ஒக்டோபரில் சாராயமும், 1995 சனவரியில் மது முழுவதும் தடைசெய்யப்பட்டன. 1997இல் பூரண மதுவிலக்கு நீக்கப்பட்டது. ஒரு பாடநூற் பக்கம் அரசையே அசைத்தது என்பதில் எழுத்தாளன் பெருமை கொள்ளலாம். ஆனால் கடையை மூடுவது ஒரு வேலை, குடித்தவனை மீட்பது இன்னொரு வேலை. முதலாவதற்குப் பெண்கள் திரண்டனர். இரண்டாவதற்கு அறைகள் திறக்கப்பட்டிருந்தால், சட்டம் போன பின்னரும் எஞ்சியிருக்கக்கூடிய ஒன்று அந்த ஊர்களுக்குக் கிடைத்திருக்கும்.

இக்கட்டுரையைப் படிப்போரிற் பெரும்பாலோர் ஆசிரியர், எஞ்சியோர் மாணவர். கிராமத்தில் நம்மிடம் இருப்பது அதிகாரமன்று, பணமுமன்று. பாடசாலையின் அல்லது வாசிகசாலையின் திறப்பு. மாலை ஆறு மணிக்குப் பின் அவ்வறைகள் பூட்டியே கிடக்கின்றன. குடியை விட விரும்பும் இருவர் மூவர் கூடினாலே அது ஒரு குழுவாகும் என்பது பெயர் கூறாக் குடிநோயாளர் இயக்கத்தின் வழக்கம். அதிபரிடமும் வாசிகசாலைக் குழுவிடமும் அனுமதி பெற்று, வாரத்தில் ஒருநாள் அவர்களுக்கு அறையைத் திறந்துவிட்டு, விளக்கை ஏற்றிவிட்டு, நாம் விலகி வந்துவிடலாம். உள்ளே இருந்து உபதேசம் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் என்னும் ஒழுக்கத்தை ஊருக்கு முதலிற் கற்பிக்க வேண்டியவர்களும் நாமே. வகுப்பறையில், தந்தை குடிப்பதால் தலைகுனிந்திருக்கும் பிள்ளையைக் கேலி செய்யும் வழக்கத்தை நிறுத்துவதிலிருந்து அக்கல்வியைத் தொடங்கலாம்.

எழுத்தாளரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. குடிகாரனைத் தள்ளாட வைத்துச் சிரிப்பூட்டியது போதும்; அவனைச் சாகடித்து அழவைத்ததும் போதும். தள்ளாட்டம் நின்ற மறுநாட் காலையை எழுதுங்கள். சம்மாட்டியிடம் முற்பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய, மனைவி இன்னும் நம்பாத, பழைய நண்பர் தெருமுனையிற் காத்திருக்கும் அந்தக் காலைதான் உண்மையான நாடகம். அதனைக் கடந்து மாலையில் அவன் நடந்து செல்லும்போது, ஒரு பக்கம் தவறணை திறந்திருக்கும். மறு பக்கத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதில்தான் அவன் வாழ்வும், நம் இலக்கியத்தின் நேர்மையும் தங்கியிருக்கின்றன.